ஃபேர்போர்ன்: கடலுக்கு முன்னால் வந்த ஒரு தேதி

வேல்ஸின் மேற்குக் கரையில் மவ்தாக் ஆறு கார்டிகன் வளைகுடாவில் போய் விழுகிறது. அந்தக் கழிமுகத்தின் தென்கரையில் இருக்கும் சிற்றூர் ஃபேர்போர்ன். சுமார் 450 வீடுகள், 700 பேர். சில கடைகள், ஒரு ரயில் நிலையம், கோடையில் பயணிகளை ஏற்றிக்கொண்டு கடலோரமாக ஓடும் ஒரு குட்டி ரயில். ஊரின் முதுகுப்புறம் மலை செங்குத்தாக எழுகிறது. முன்புறம் கூழாங்கல் மேடு, அதற்கப்பால் கடல்.

2014 பிப்ரவரியில் பிபிசி வேல்ஸ் ஒளிபரப்பிய நிகழ்ச்சி ஒன்றின் மூலம்தான் இந்த ஊர்க்காரர்கள் பலர், தங்கள் ஊரைக் கடலிடமிருந்து காக்கும் பணி ஒரு கட்டத்தில் நிறுத்தப்படும் என்று திட்டம் இருப்பதைத் தெரிந்துகொண்டார்கள். அந்தத் திட்டத்தை அந்தப் பகுதியின் உள்ளாட்சி அமைப்பான க்வினெத் கவுன்சில் 2013 ஜனவரியிலேயே ஏற்றிருந்தது. நிகழ்ச்சி வந்த சூட்டில், கையெழுத்தாகும் நிலையில் இருந்த வீட்டு விற்பனைகள் முறிந்தன. 'பிரிட்டனின் முதல் காலநிலை அகதிகள்' என்று பத்திரிகைகள் எழுதின.

அதற்குப் பிறகும் கடல் ஊரை விழுங்கிவிடவில்லை. ஃபேர்போர்னின் முதல் சேதம் முழுக்க முழுக்க ஓர் ஆவணத்தில் இருந்த ஆண்டுக்கணக்கால் வந்தது. அபாயம் உண்மையானது, அதில் சந்தேகமில்லை. அந்த அபாயத்தைச் சொன்ன விதத்தில்தான் கோளாறு. இரண்டையும் தனித்தனியே பார்த்தால்தான் இந்த ஊரின் கதை விளங்கும்.

ஊர் உட்கார்ந்திருக்கும் இடம்

வேல்ஸ் கிராமம் என்றதும் நினைவுக்கு வரும் பழைய சிலேட் சுரங்க ஊரோ, நூற்றாண்டுகளாக ஆடு மேய்க்கும் ஊரோ இது இல்லை. உப்புச் சதுப்பைக் கரைகட்டி மீட்ட நிலத்தில் 1890களில் எழுந்த கடற்கரை ஊர். மாவு ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த ஆர்தர் மெக்டூகல் இதை விடுமுறைத் தலமாக வளர்க்க நினைத்தார். கட்டுமானச் சாமான் ஏற்ற குதிரை இழுக்கும் டிராம் பாதை போட்டார்கள். இன்றைய குட்டி ரயிலின் மூதாதை அதுதான். 1916இல் 15 அங்குல அகலத்துக்கும், 1986இல் பன்னிரண்டேகால் அங்குலத்துக்கும் மாறியது. பிற்காலத்தில் குடியேறியவர்களில் பலர் இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியிலிருந்து ஓய்வுக்குப் பின் வந்தவர்கள். அவர்களுக்கு ஏற்ற தரைத்தள பங்களாக்கள் நிறைய உண்டு. மாடி இல்லாத வீடு முதியவர்களுக்கு வசதி, வெள்ளத்தில் அதுவே வினை. இதைக் கீழே பார்ப்போம்.

அன்றாட வாழ்க்கை எப்படி என்று ஓர் உதாரணம். கழிமுகத்தின் எதிர்க்கரையில் கண்ணுக்கு எதிரே பார்மத் நகரம். 1867இல் திறந்த மரப்பாலத்தில் ரயில் ஏறினால் பத்து நிமிட வாக்கில் போய்விடலாம். ஆனால் ரயில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. அதைத் தவறவிட்டுக் காரில் போனால் டொல்கெத்லை ஊரைச் சுற்றி முப்பது கிலோமீட்டர் வாக்கில் ஓட்ட வேண்டும். பெரிய மருத்துவமனை என்றால் அபெரிஸ்ட்வித் அல்லது பேங்கர். கரையை ஒட்டிய இதே ரயில்பாதையில், ஊருக்குத் தெற்கே ஃப்ரியோக் பாறைச்சரிவில் 1883இலும் 1933இலும் நிலச்சரிவால் ரயில்கள் கடற்புறம் விழுந்திருக்கின்றன. மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டு வாழ்வது இந்தக் கரைக்குப் புதிதல்ல.

தண்ணீர் வரும் வழிகள்

ஊரின் தரை, பௌர்ணமி அமாவாசை ஓதத்தின் (கடல் ஏற்றவற்றத்தின்) உச்ச மட்டத்தைவிடத் தாழ்ந்தது. இந்த ஒரு வரியில் பாதி விஷயம் அடங்கிவிடும். இந்தக் கரையில் அந்நாட்களில் ஓதம் நாலு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். அதோடு தாழ்வழுத்தம் சேர்ந்தால், காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறையும்போது கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். 40 மில்லிபார் சரிவு கொண்ட குளிர்காலப் புயல் அதன் மூலமாக மட்டுமே 40 சென்டிமீட்டர் சேர்க்கும். தென்மேற்குக் காற்று தள்ளிக்கொண்டு வரும் அலை தனிக் கணக்கு.

கடற்புறக் காவல் கூழாங்கல் மேடு. இரண்டாம் உலகப் போரில் டாங்கிகளைத் தடுக்க ஊன்றிய கான்கிரீட் கட்டைகள் அதன் மேல் இன்னும் வரிசையாக நிற்கின்றன. மேட்டில் ஏறினால் கால் வைக்கும் இடமெல்லாம் கல் உருண்டு சரியும். சரிந்து உருள்வதால்தான் அது அலையின் வேகத்தைக் குடிக்கிறது. தன்போக்கில் விட்டால் இத்தகைய மேடு புயலுக்குப் புயல் கல்லை முதுகுப்பக்கம் எறிந்து, கொஞ்சம் கொஞ்சமாக நிலத்தை நோக்கிப் பின்வாங்கும். அதுதான் அதன் உயிர்பிழைக்கும் வழி. பின்னால் ஊர் இருப்பதால் இங்கே அதற்கு அனுமதியில்லை. புயல் இழுத்துப்போட்ட கல்லை எந்திரம் கொண்டு மறுபடி உச்சியில் குவித்தால், மேடு உயரமாகவும் செங்குத்தாகவும் ஒல்லியாகவும் ஆகிறது. பார்க்கப் பலமாகத் தெரியும். உடையும்போது மெல்ல உடையாது, ஒரே ஓதத்தில் வாய் பிளக்கும். தெற்கிலிருந்து இயற்கையாக வந்துசேரும் கல்லும் தாராளமில்லை.

இரண்டாவது வழி வடக்குப் புறம், கழிமுகம். இங்கே அலையின் ஆவேசம் குறைவு, ஆனால் மட்டம் அதேதான். மண்கரைகள் காவல் நிற்கின்றன. 2010களின் முற்பாதியில் அவற்றைப் பலப்படுத்தப் பல மில்லியன் பவுண்ட் செலவிட்டார்கள். திட்டத்தை எதிர்ப்பவர்கள் இதைச் சுட்டிக்காட்டி, 'கைவிடப்போகிற ஊருக்கு ஏன் இவ்வளவு பணம்?' என்று கேட்பதில் நியாயம் உண்டு. பதில், கைவிடுவது என்பது நாளைக்கு நடப்பதல்ல, அதுவரை காக்க வேண்டும் என்பது.

மூன்றாவதுதான் வெளியாட்கள் கவனிக்காதது. மலையிலிருந்து இறங்கும் ஓடை நீரும் மழைநீரும் ஊரைச் சுற்றிய வாய்க்கால்களில் சேர்ந்து, மடைக்கதவுகள் வழியாகக் கழிமுகத்துக்குப் போகின்றன. கதவுகள் கீல் வைத்த மூடிகள். உள்ளே நீர் உயர்ந்தால் திறக்கும், வெளியே ஓதம் உயர்ந்தால் தானாக மூடும். மூடியிருக்கும் ஒவ்வொரு மணியும் ஊர்நீருக்குப் போக்கிடம் இல்லை. ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 20 மில்லிமீட்டர் மழை என்றால் 20,000 கன மீட்டர் நீர். கதவு ஐந்து மணி நேரம் மூடியிருக்கும்போது அத்தனையும் வந்து சேர்ந்தால், அதை வெளியேற்ற நொடிக்கு 1,100 லிட்டர் இறைக்கும் பம்பு வேண்டும். கடல்மட்டம் உயர உயர, புயலே இல்லாத நாளிலும் கதவு மூடியிருக்கும் நேரம் நீளும். கூடவே கூழாங்கல்லுக்கும் மணலுக்கும் ஊடே கசியும் நிலத்தடி நீர் மேலேறும். சுவரை எவ்வளவு உயர்த்தினாலும் இந்த மூன்றாவது வழி அடைபடாது. 'கூடுதலாகக் கல் கொட்டினால் போதுமே' என்ற வாதம் தடுக்கிவிழும் இடம் இதுதான்.

கடல் எவ்வளவு ஏறும்? பிரிட்டன் அரசின் 2018ஆம் ஆண்டுக் காலநிலைக் கணிப்பு, பசுமைக்குடில் வாயு வெளியேற்றம் அதிகமாகவே தொடர்ந்தால் கார்டிஃப் கரையில் 2100க்குள் 0.51 முதல் 1.13 மீட்டர் வரை என்கிறது. வெளியேற்றம் நன்கு குறைந்தாலும் 0.27 முதல் 0.69 வரை. அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. இந்த எண்களில் முக்கியம் அவற்றின் அகலம். ஒரே ஆவணத்தில் இரு ஓரங்களுக்கும் நடுவே நாலு மடங்கு இடைவெளி இருக்கிறது.

ஆண்டு எப்படி வந்தது

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடற்கரை முழுவதையும் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று காலகட்டங்களுக்கான கொள்கையை எழுதிவைக்கிறார்கள். கொள்கைகள் நான்கே: இருக்கும் கரையைக் காப்பது, கரையைக் கடலுக்குள் முன்னெடுப்பது, திட்டமிட்டுப் பின்வாங்குவது, எதுவும் செய்யாமல் விடுவது. ஃபேர்போர்னுக்கு எழுதியது: 2025 வரை காப்பது, 2055 வரையிலான கட்டத்தில் திட்டமிட்டுப் பின்வாங்குவது, அதன்பின் எதுவும் செய்யாமல் விடுவது. பின்னர் வந்த ஆவணங்களிலும் பேச்சுகளிலும் ஊரைக் கைவிடும் ஆண்டாக 2054 நிலைத்துவிட்டது.

இந்தக் கட்டங்கள் எல்லாக் கரைகளுக்கும் பொதுவாக வைத்த அளவுக்கோடுகள். 20 ஆண்டு, 50 ஆண்டு, 100 ஆண்டு என்று வசதிக்காகப் போட்டவை. பொறியாளர் அதைப் படிக்கும்போது 'ஏறத்தாழ இந்த நூற்றாண்டின் நடுவில்' என்று படிக்கிறார். வங்கி அதிகாரி படிக்கும்போது காலாவதித் தேதியாகப் படிக்கிறார். இரண்டு வாசிப்புக்கும் நடுவில் மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் வைக்காததுதான் முதல் தவறு. ஊரோடு சேர்ந்து அடுத்து என்ன செய்வது என்று யோசிக்க ஒரு கூட்டுத் திட்டம் அமைத்தார்கள். எதிர்காலத்துக்கான வரைவு 2019இல் வெளிவந்தது. ஊரைக் கலைத்து நிலத்தைச் சதுப்பாக மாறவிடுவது அதில் பேசப்படுகிறது. பணம் யார் தருவது என்பதற்கு உறுதியான விடை அதிலும் இல்லை.

பொறுப்பு சிதறிக்கிடப்பதும் காரணம். கரையரிப்புத் தடுப்பு கவுன்சில் கையில். கடல்வெள்ளமும் முக்கிய ஆறுகளும் 2013 ஏப்ரலில் உருவான நேச்சுரல் ரிசோர்ஸஸ் வேல்ஸ் அமைப்பின் கையில். கழிவுநீர்க் குழாய் த்வர் கம்ரி நிறுவனத்திடம். ரயில்பாதைக் கரை நெட்வொர்க் ரயில் நிறுவனத்திடம். கடற்கரைப் பாதுகாப்புக்கான 1949ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்சிலுக்கு அதிகாரம் தருகிறதே தவிரக் கடமை சுமத்தவில்லை. காக்கலாம், காத்தே தீர வேண்டும் என்பதில்லை. கடலுக்குப் பறிகொடுக்கும் வீட்டுக்கு இழப்பீடு தரும் சட்டமும் கிடையாது.

கடனும் விலையும்

2014இல் 25 ஆண்டு வீட்டுக்கடன் வாங்கியவர் 2039இல் முடித்துவிடுவார். 2054க்கு இன்னும் 15 ஆண்டு மிச்சம் இருக்கும். அப்படியிருக்க வங்கிகள் ஏன் பின்வாங்கின? வங்கி பார்ப்பது கடன் முடியும் நாளை அல்ல. நடுவில், உதாரணமாக 2032இல், கடனாளி தவணை கட்டாமல் போனால் அந்த வீட்டை யாரிடம் விற்பது என்பதைத்தான். அப்போது வாங்க வருபவருக்கும் கடன் வேண்டும், அவருடைய கடன் 2054ஐத் தாண்டும். ஆகவே கடைசி வங்கி கதவை மூட வேண்டிய நாளுக்குப் பல்லாண்டுகள் முன்பே முதல் வங்கி மூடிவிடுகிறது. ரொக்கம் வைத்திருப்பவர் மட்டுமே வாங்கலாம் என்றானதும் வாங்குவோர் கூட்டம் சுருங்குகிறது, விலை விழுகிறது, விழுந்த விலையைக் காட்டி அடுத்த வங்கியும் மறுக்கிறது.

நிதானமாகக் கணக்குப் போட்டால் விலை எவ்வளவு குறைய வேண்டும்? ஓர் எடுத்துக்காட்டு. செலவு போக ஆண்டுக்கு 6,000 பவுண்ட் வாடகை மதிப்புள்ள வீடு. 5 சதவீத வட்டிக் கணக்கில், என்றென்றும் நிற்கும் வீடு என்றால் மதிப்பு 1,20,000 பவுண்ட். 29 ஆண்டு மட்டும் நிற்கும் என்றால் 90,800 பவுண்ட் சுமார். அதாவது கால்பங்கு தள்ளுபடி போதும், குறுகிய குத்தகை வீட்டுக்குப் போடும் கணக்கேதான். இடிப்புச் செலவு உரிமையாளர் தலையில் விழுமோ என்ற பயத்துக்கு இன்னும் கொஞ்சம் கழிக்கலாம். 2014இல் நடந்ததோ தள்ளுபடி அல்ல, வியாபாரமே நின்றுபோனது. பின்னாளில் ரொக்கத்தோடு வருபவர்கள் மெல்ல வரத் தொடங்கினார்கள். மிச்சமுள்ள ஆயுளை இங்கே கழித்தால் போதும் என்று நினைக்கும் எழுபது வயதுக்காரருக்கு அது நல்ல வியாபாரம்கூட. அடிபட்டது, வீட்டையே சேமிப்பாக நம்பி, அதை விற்றுப் பிள்ளைகளுக்கு அருகிலோ முதியோர் இல்லத்துக்கோ போக வேண்டியிருந்தவர்.

காப்பீட்டில் நிலைமை சற்றுத் தேவலை. 2016இல் தொடங்கிய ஃப்ளட் ரீ ஏற்பாட்டின்படி, 2009 ஜனவரி 1க்கு முன் கட்டிய வீடுகளின் வெள்ள அபாயத்தைக் காப்பீட்டு நிறுவனங்கள் ஒரு பொதுத் தொகுப்புக்குத் தள்ளிவிடலாம், அதனால் தவணை கட்டுப்படியாகிறது. கடைகளுக்கும் தொழில் கட்டடங்களுக்கும் இது கிடையாது. ஊரில் முதலில் மூடுவது கடையாக இருந்தால் ஆச்சரியமில்லை. இன்னொன்று, ஃப்ளட் ரீ 2039இல் முடிகிறது. அதற்கும் 2054க்கும் நடுவிலுள்ள 15 ஆண்டுகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. உண்மையான நெருக்கடி அங்கே தொடங்கலாம்.

வீட்டளவில் செய்யத்தக்கது

ஊரைத் தனிவீடு காக்க முடியாது. ஆனால் சில அங்குல வெள்ளத்தால் ஆறு மாதம் வெளியே தங்க வேண்டி வருவதைத் தவிர்க்கலாம். கதவுக்குப் பொருத்தும் தடுப்புப் பலகை, சுவரின் காற்றுக்கல்லுக்கு (காற்றோட்டத்துக்காகத் துளையிட்ட செங்கல்லுக்கு) தானாக மூடும் மாற்று, 110 மில்லிமீட்டர் கழிவுக்குழாயில் பின்னோக்கி வராமல் தடுக்கும் வால்வு ஆகிய மூன்றும் சேர்ந்தே வேலை செய்யும். கதவை அடைத்துவிட்டு வால்வை விட்டால் தண்ணீர் கழிப்பறை வழியாக வரும், அதுவும் அழுக்கோடு. வால்வை ஆண்டுக்கு இருமுறையாவது திறந்து கழுவ வேண்டும். ஈரத்துடைப்புத் தாள் ஒன்று சிக்கினால் அது மூடாது.

பலகையை 60 சென்டிமீட்டருக்கு மேல் உயர்த்தக்கூடாது. ஒரு மீட்டர் அகலச் சுவரில் 60 செ.மீ. நீர் தள்ளும் விசை ஏறத்தாழ 180 கிலோ எடைக்குச் சமம். உயரம் இரட்டித்து 120 செ.மீ. ஆனால் விசை நான்கு மடங்காகி 700 கிலோவைத் தாண்டும், செங்கல் சுவர் உள்ளே விழும். அந்த அளவுக்கு நீர் வந்தால் வீட்டுக்குள் விட்டுவிடுவதே மேல். நிலத்தடி நீருக்குப் பலகையால் எந்தப் பயனும் இல்லை. அது தரைக்கடியிலிருந்து வருகிறது. தரைக்கீழே குழி வெட்டி, மிதவை வைத்த பம்பு இறக்கி, மின்சாரம் போனாலும் ஓட மின்கலம் வைக்க வேண்டும். புயல் இரவில்தான் மின்சாரம் போகும்.

ஜிப்சம் அட்டைச் சுவர் ஒருமுறை நனைந்தால் கிழித்து எறிய வேண்டியதுதான். சுண்ணாம்புப் பூச்சு நனைந்து காய்ந்து பிழைக்கும். மின் செருகுவாய்களை ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏற்றி, வயரை மேலிருந்து இறக்க வேண்டும். இதற்கெல்லாம் நல்ல தருணம், வெள்ளச் சேதத்துக்குக் காப்பீடு பணம் தரும்போது. ஃப்ளட் ரீயில் சேர்ந்து, பழையதைவிடப் பலமாகக் கட்டித்தரும் ஏற்பாட்டையும் ஏற்ற நிறுவனம் என்றால் அதற்கென 10,000 பவுண்ட் வரை கூடுதலாகத் தரும். எல்லா நிறுவனமும் தருவதில்லை, வாங்குமுன் கேட்க வேண்டும். பங்களாவில் இருப்பவர் மாடிக்குச் சாமான் ஏற்ற வழியில்லை. பத்திரங்களையும் மருந்துகளையும் பரண்மேல் வைத்துப் பழகுவதும், எச்சரிக்கையின் இரண்டாம் படியான 'ஃப்ளட் வார்னிங்' வந்ததுமே கிளம்பிவிடுவதும்தான் வழி. மூன்றாம் படியான 'சிவியர்' வரட்டும் என்று காத்திருந்தால் தாழ்வான சாலையில் நீர் நிற்கும்.

ஆண்டு வேண்டாம், அளவு போதும்

பின்வாங்குவது என்ற முடிவையே மறுப்பவர்களோடு எங்களால் ஒத்துப்போக முடியவில்லை. மூன்று பக்கத் தண்ணீரையும் 450 வீடுகளுக்காக என்றென்றைக்கும் தாங்கிப்பிடிக்கும் செலவை எந்த அரசும் ஏற்காது. ஆனால் நாள் குறிப்பதற்குப் பதில் அளவு குறித்திருக்கலாம். எதிர்க்கரை பார்மத்தில் தேசிய வலைப்பின்னலைச் சேர்ந்த ஓத அளவி இருக்கிறது. 'அங்கே சராசரிக் கடல்மட்டம் இத்தனை சென்டிமீட்டர் ஏறினால் முதல் கட்டம், மடைக்கதவு ஆண்டுக்கு இத்தனை மணி நேரத்துக்கு மேல் மூடியிருந்தால் இரண்டாம் கட்டம்' என்று எழுதினால் யாரும் போய்ப் பார்த்துச் சரிபார்க்கலாம். கடல் மெதுவாக ஏறினால் ஊருக்குக் கூடுதல் ஆண்டுகள் கிடைக்கும். வேகமாக ஏறினால் 2054 வரை உட்கார்ந்திருக்கும் ஆபத்தும் தவிரும். தேதியால் இரண்டும் முடியாது.

பணத்துக்கும் முன்னுதாரணம் இல்லாமலில்லை. இங்கிலாந்தின் நார்ஃபோக் கரையில் ஹேஸ்பரோ கிராமத்தில், 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில், கரைவிளிம்பு வீடுகள் சிலவற்றை உள்ளூர் கவுன்சில் அரசு நிதியில் விலைக்கு வாங்கி இடித்தது. அபாயம் இல்லையென்றால் கிடைத்திருக்கும் விலையில் ஏறத்தாழ பாதி அளவுக்குக் கொடுத்தார்கள். முழு நியாயம் அல்ல, பூஜ்யத்தைவிட மேல். ஃபேர்போர்னில் வீட்டு எண்ணிக்கை அதைவிடப் பன்மடங்கு என்பதால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்குவது நடக்காது. காலியாகும் வீட்டை மட்டும் முதலில் வாங்கி, கலைப்பு நாள்வரை வாடகைக்கு விட்டு, செலவின் ஒரு பகுதியை மீட்கலாம். மேலே போட்ட 6,000 பவுண்ட் கணக்கு இங்கே கவுன்சிலுக்குச் சாதகமாக வேலை செய்யும்.

வேல்ஸில் ஓர் ஊரைத் தண்ணீருக்குக் கொடுப்பது வெறும் பொறியியல் விஷயமாக எடுத்துக்கொள்ளப்படாது என்பதையும் அதிகாரிகள் மறந்திருக்கக்கூடாது. லிவர்பூலுக்குக் குடிநீர் தர ட்ரவெரின் பள்ளத்தாக்கை அடைத்து, கப்பெல் கெலின் கிராமத்தை 1965இல் மூழ்கடித்த கோபம் இன்னும் சுவரெழுத்தாக நிற்கிறது. ஃபேர்போர்னில் பெரும்பாலோர் வேல்ஸ் மொழி பேசாதவர்கள் என்பதால், அந்த நினைவின் ஆதரவு இவர்களுக்கு முழுதாகக் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இன்றைக்கு அங்கே வீடு பார்ப்பவர் விலைக்கு முன் கேட்க வேண்டியவை உண்டு: கட்டிய ஆண்டு 2009க்கு முன்னா, வெள்ளத்துக்காக முன்பு கேட்ட காப்பீட்டு இழப்பீடுகள் என்ன, தரைக்கடியில் இடைவெளி உண்டா அல்லது கான்கிரீட் பாளமா, அருகிலுள்ள வாய்க்காலைத் தூர்வாரும் பொறுப்பு யாருடையது. கடைசிக் கேள்விக்குப் பல நேரம் விடை, வீட்டுக்காரருடையது. வாய்க்காலை ஒட்டிய நிலம் வைத்திருப்பவரே அதன் நீரோட்டம் தடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். ஒரு தோட்டத்தின் ஓரத்தில் வெட்டிப்போட்ட புல் மிதந்துபோய் மடைக்கதவின் விளிம்பில் சிக்கினால், கதவு முழுதாக மூடாது. அடுத்த ஓதத்தில் கடல் அந்த இடுக்கு வழியாகத் தெருவுக்கு வரும்.